கடல் கடந்த கோதுமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் என்னை, அயல்நாட்டு உதவி பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். பொருளாதாரம் நான் அறியேன். வாகன் கணக்கு அறிவேன். ஆகையால் வாகனில் ஏறி வந்த ஓர் உதவியைப் பற்றியே சொல்கிறேன்.

1956 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் ஏற்பட்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி நம் நாட்டுக்குக் கோதுமை வரலாயிற்று. டாலர் வேண்டாம், ரூபாயே போதும் என்பது ஏற்பாடு. 1966ஆம் ஆண்டில் மட்டும் இறக்குமதியான தானியம் சுமார் ஒரு கோடி டன். ஆயினும் அதே ஆண்டின் தொடக்கத்தில் கேரளத்திலும் வங்காளத்திலும் மக்கள் உணவுக்காகத் தெருவில் இறங்கினார்கள்.

காரணம் கப்பலில் இல்லை. நம் ராஜ்ய எல்லைகளில் இருந்தது. 1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கும் ஒரே அரிசி மண்டலமாக இருந்தன. 1964இல் அது கலைந்து, ஒவ்வொரு ராஜ்யமும் தனக்கெனத் தனி வேலி கட்டிக்கொண்டது. உபரி ராஜ்யத்து மந்திரிக்கு அந்த வேலி அனுகூலமானது. நெல் வெளியே போகாவிட்டால் உள்ளே விலை அடங்கும், வாக்காளர் மகிழ்வர். அந்த நெல்லைக் கொள்முதல் செய்து வெளியூருக்கு அனுப்பலாமே என்றால், களஞ்சியம் வைத்திருந்த மிராசுதார்களே கிராமத்தில் கட்சிக்குத் தூண்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ள யார் துணிவார்கள்? பற்றாக்குறை ராஜ்யமோ தில்லியை நெருக்கும். தில்லி, அமெரிக்கக் கோதுமையை அளித்துச் சமாதானம் செய்யும். இவ்வாறு உதவி வந்ததனாலேயே உள்ளூரில் செய்ய வேண்டிய கசப்பான காரியத்தை ஒத்திப்போட முடிந்தது.

உதவியே வீண் என்று நான் சொல்லவில்லை. 1966-67இல் பீகார் வறட்சியில் அந்தக் கோதுமை இல்லாவிடில் எத்தனை உயிர் போயிருக்குமோ!

1964இல் நம் சி. சுப்பிரமணியம் உணவு மந்திரியானார். 1965இல் உணவுக் கழகமும் விலைக் கமிஷனும் அமைந்து, விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலை கிடைத்து, புதிய விதையும் சேர்ந்த பிறகே நிலைமை திரும்பிற்று. 1968இல் கோதுமை விளைச்சல் 1 கோடியே 65 லட்சம் டன்.

நம்மவர் குறையையும் மறைக்கலாகாது. என் பாட்டனார் இதே காலனியில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பக்கத்து மேஜைக்காரர் பாலக்காட்டு மலையாளி. 1966இல் பாட்டனார் லீவில் ஊருக்குச் சென்றபோது, "என் தாயாருக்குக் கொஞ்சம் அரிசி கொண்டுபோய்க் கொடுங்கள், அண்ணா" என்று அவர் கேட்டுக்கொண்டார். பத்துப் படி பொன்னிறப் புழுங்கலரிசியை எல்லைச் சோதனையில் பறித்துக்கொண்டார்கள். வெறும் பையோடு போய் நின்ற பாட்டனாரை அந்த அம்மாள் உட்காரவைத்து, ரேஷனில் வாங்கிய அமெரிக்கக் கோதுமையை உடைத்து உப்புமா கிண்டிப் பரிமாறினாராம். இரண்டாம் முறை கேட்க நாணி, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்ததாகப் பாட்டனார் சொல்லுவார்.