மண்ணுக்கு ஈந்த மணிகள்



மனிதன் எளிதிற் பிரிய மனம் ஒப்பாத பொருள்களுள் அணிகலனும் ஒன்று. நிலத்தை விற்றவர் உண்டு. வீட்டை விற்றவரும் உண்டு. ஆனால், பாட்டி அணிந்து, தாய் அணிந்து, பின் தன் கழுத்துக்கு வந்த பழைய மாலையை ஒருத்தி அடகு வைக்க நேர்ந்தால், அன்று அவ்வீட்டில் அடுப்பு எரிந்தாலும் முகம் மலர்வதில்லை. நகையின் எடையோடு, முன்பு அதனை அணிந்தவரின் நினைவும் சேர்ந்தே வருகிறது. இத்தகைய அரும்பொருளை, வறுமை நெருக்காத போதும் தம் விருப்பத்தாலேயே பிரிந்த மக்கள் நம் நாட்டில் வாழ்ந்தனர். அவர்களைப் பற்றியும், அவர்கள் விட்டுச் சென்றவற்றுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

பழனி மலைத் தொடரை நீங்கள் அறிவீர்கள். அதன் உச்சியில் கோடைக்கானல். அதற்குக் கீழே காப்பியும் மிளகும் ஏலமும் விளையும் மலையூர்கள். வடக்கு அடிவாரத்தில் முருகன் கோயில் கொண்ட பழனி. கோடைக்குச் செல்வோர் ஏரியையும் அருவியையும் கண்டு திரும்புகின்றனர். ஆனால், தாண்டிக்குடி போன்ற ஊர்களின் பக்கத்தே, நான்கு புறமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த சிறு அறைகள் பல இருக்கின்றன. இவற்றைக் கற்பதுக்கை என்றும் கற்திட்டை என்றும் அறிஞர் கூறுவர். பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் பொதுமக்கள் வழங்குவர். உண்மையில் இவை இறந்தோர்க்கு எடுத்த நினைவு இல்லங்கள்.

கோடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் 1895 ஆம் ஆண்டில் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினர். அச்சபையைச் சேர்ந்த ஆங்கிலேட் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் இம்மலைகளில் அலைந்து, இக்கல்லறைகளை ஆராய்ந்தனர். அவர்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928 இல் வெளியிட்டது. எந்த மலைச்சரிவில் எத்தகைய கல்லறை இருந்தது, அதனுள் யாது கிடைத்தது என்பதை முறையாக எழுதி வைத்தமையே அவர்களுடைய பெருந்தொண்டு.

இனி, மலையிலிருந்து அடிவாரத்திற்கு வருவோம். பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் பொருந்தல் என்னும் சிற்றூர் உள்ளது. பொருந்தில் இளங்கீரனார் என்னும் சங்கப் புலவரின் ஊர் இதுவே என்பர். இங்கே 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு நடத்தினார். அங்கே திறக்கப்பட்ட கல்லறை ஒன்றில் ஏறத்தாழ 7,500 மணிகள் கிடைத்தன. சூதுபவளம், மாவுக்கல், பளிங்கு, அகேட்டு முதலிய கற்களால் ஆனவை அவை.

ஏழாயிரத்து ஐந்நூறு மணிகள்! ஒரு மணியைச் செய்வதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். சூதுபவளம் மிகவும் கடினமான கல். அதனைச் சூடேற்றிச் சிவக்கச் செய்ய வேண்டும். தட்டி உருவாக்க வேண்டும். தேய்த்து மெருகேற்ற வேண்டும். பின்னர் உடையாமல் துளையிட வேண்டும். சில மணிகளின் மேல் காரப் பொருளால் கோடுகள் வரைந்து, மீண்டும் சூடேற்றி, அக்கோடுகளை வெண்ணிறமாக்கும் கலையும் அந்நாளில் இருந்தது. இவ்வாறு உருவான மாலை எவ்வளவு அருமையாகப் போற்றப்பட்டிருக்கும்! அதனையே, தம்மை விட்டுப் பிரிந்த ஒருவரோடு சேர்த்து மண்ணுக்குள் வைத்து, மேலே கல்லை மூடிவிட்டு, வெறுங்கழுத்தோடு வீடு திரும்பினர் அம்மக்கள்.

இது பொருந்தலில் மட்டும் நிகழ்ந்ததன்று. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. மேலை ஆசியாவில் ஊர் என்னும் பழைய நகரத்தின் அரச கல்லறைகளை லியோனார்டு ஊல்லி என்பார் 1920 களில் அகழ்ந்தபோது, அரசி ஒருத்தி பொன்னும் நீலக்கல்லும் சூதுபவளமும் பூண்டு கிடந்ததைக் கண்டார். அன்புடையவரை வெறுங்கையோடு அனுப்ப மனிதன் எந்நாட்டிலும் விரும்பியதில்லை போலும்.

பழனி மலைப் பகுதியை ஆண்ட பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை மயிலுக்கு ஈந்தான் என்பது நீங்கள் பள்ளியில் பயின்ற செய்தி. மயில் போர்த்திக் கொள்ளாது; நன்றியும் கூறாது. இறந்தவரும் அணிந்து மகிழார்; திருப்பித் தரவும் மாட்டார். கைம்மாறு செய்ய இயலாதவர்க்கு ஈவதே ஈகை என்றால், பேகனின் போர்வையையும் இம்மணிகளையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணலாம்.

பொருந்தல் கல்லறையில் மணிகளோடு வேறு சிலவும் இருந்தன. நான்கு கால்களை உடைய சாடி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. கலங்களைத் தாங்கும் மண் வளையம் ஒன்றின்மேல் 'வய்ர' என்று தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, அது சுமார் கி.மு. 490 ஐச் சேர்ந்தது எனத் தெரிய வந்தது. அவ்வெழுத்து இன்னும் பிற்பட்டது எனக் கருதும் அறிஞரும் உளர். எனினும், தமிழ் எழுத்தின் தொன்மையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இக்கல்லறை ஒரு திருப்பமாயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கரிமக் கணிப்பு உயிர் வாழ்ந்த பொருள்களுக்கே பொருந்தும். நெல் பயிராய் வளர்ந்தது. அதனால் தன் வயதைச் சொல்லிற்று. கல் மணிக்கு அந்த வாய் இல்லை. விலை மிக்க மணி ஊமையாய் இருக்க, ஒரு பிடி நெல் அதற்காகப் பேசிற்று! இரண்டும் ஒரே இடத்தில், வைத்தது வைத்தபடி இருந்தமையால் அன்றோ இது இயன்றது? யாரேனும் ஒருவர் முன்னரே அக்கல்லை நீக்கி, நெல்லைக் கொட்டிவிட்டு, மணிகளை மட்டும் அள்ளிச் சென்றிருந்தால், அவை பல வீடுகளில் அழகுப் பொருள்களாக இருந்திருக்கும். யார் அணிந்தனர், எக்காலத்தில் அணிந்தனர் என்பது அழிந்திருக்கும்.

புதையல் கிடைக்கும் என்ற ஆசையால் மூடுகல் பெயர்க்கப்பட்ட கல்லறைகள் நம் நாட்டில் பல. வீடு கட்டவும் வேலி வைக்கவும் அக்கற்களை எடுத்துச் சென்றோரும் உண்டு. இவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால், மழை பெய்து ஓய்ந்த மாலையில், காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில், சிவந்த மணி ஒன்று மின்னுவதை நீங்களே கண்டால் என்ன செய்வீர்கள்? எடுத்துப் பையில் போட்டுக் கொள்ளத்தான் கை நீளும். திருட வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. பழமையின் மேலுள்ள பற்றே அவ்வாறு தூண்டும். ஆயினும் அப்பற்றே அப்பழமைக்குப் பகையாகி விடுகிறது.

மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது என்பது 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆனால், சட்டத்திற்கு அஞ்சிக் கொடுப்பது வேறு. பொருளின் அருமையை உணர்ந்து கொடுப்பது வேறு. மாணவர்களிடம் நான் வேண்டுவது இரண்டாவதை. மணி ஒன்று கண்ணிற்பட்டால், தோண்டாதீர்கள்; இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்; ஆசிரியரிடம் கூறுங்கள்; அவர் வழியாக அரசு அருங்காட்சியகத்திற்கோ தொல்லியல் துறைக்கோ செய்தி செல்லட்டும். முன்பே எடுத்து வைத்த மணி ஏதேனும் உங்கள் பெட்டியில் இருந்தால், எடுத்த இடத்தின் பெயரோடு அதனை ஒப்படையுங்கள். இடத்தின் பெயரை இழந்த மணி, முகவரி கிழிந்த கடிதம் போன்றது.

பிரிவது கடினமாகத்தான் இருக்கும். ஆயினும், ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் அம்மணிகளை முதலிற் பிரிந்தவர்க்கு அது இதனினும் கடினமாக இருந்திருக்கும். அவர்கள் இறந்தோர்க்கு ஈந்தனர். நாம் இனிப் பிறக்கப் போகின்றவர்க்கு ஈவோம். அவர்களும் நமக்குக் கைம்மாறு செய்யமாட்டார்கள். நம் பெயரைக்கூட அறியமாட்டார்கள். எனினும் பொருந்தல் மணிகளின் முன் நின்று, இவை எம் முன்னோர் அணிந்தவை என்று அவர்கள் சொல்லக் கூடுமாயின், அதுவே போதும்.