முழங்கால் வலியும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும்



முழங்கால் தேய்மானம் உற்ற முதியோரை வீட்டில் முடக்குவது வலி மட்டுமன்று. விழுந்துவிடுவோமோ என்ற அச்சமுமாகும். இவ்வச்சத்தை அளக்கவும் இயலும். 1995இல் கனடாவின் பாவெல், மையர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 16 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். படியேறுகையில், குனிந்து செருப்பை எடுக்கையில், கூட்டத்தில் இடிபடுகையில் தடுமாறமாட்டோம் என்ற நம்பிக்கை நூற்றுக்கு எவ்வளவு என அது வினவுகிறது. கடைசி வினா பனி உறைந்த நடைபாதையைப் பற்றியது. திண்டிவனத்தில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? நமக்கு ஈரமான ஹவுள் கரையே போதும்.

"நடக்காதீர்கள் அத்தா, உட்காருங்கள்" என்று பிள்ளைகள் அன்பினால் தடுக்கின்றனர். நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும்; மெலிந்தால் மூட்டின் மீது சுமை கூடும்; பிறகு அச்சம் மெய்யாகவே தடுமாற்றமாகிவிடும்.

நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 நொடி நிறுத்தி இறக்குவது எளிய பயிற்சி. ஊன்றுகோலைப் பலர் வலிக்கும் காலின் பக்கமே பிடிக்கின்றனர். மறுபக்கக் கையில் பிடிப்பதே முறை. பயிற்சியை முறையாகக் கற்க விழுப்புரத்தார்க்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலுள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதோர்க்கு இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது.

இயலாதோர் நாற்காலியில் அமர்ந்து தொழச் சலுகை உண்டு. பள்ளிக்கு நடந்து வருவதையே அதற்காக நிறுத்திவிட வேண்டியதில்லை. அவர்கள் அச்சமின்றி வர, ஹவுள் கரையில் கைப்பிடிக் கம்பியும் வாசற்படியில் வழுக்காத கல்லும் அமைக்க இவ்வாண்டு வரவு செலவில் நிர்வாகத்தினர் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.