விருப்பத்தை முழுதாகக் கொண்டுவாருங்கள்



இன்று நீங்கள் பெறும் பட்டம் உங்களுக்கு ஒரு வேலையைத் தேடித்தரும். ஆனால் யாரும் சொல்லாமலே உங்கள் கை நாடிப்போகும் காரியம் ஒன்று உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. ஒருவருக்கு அது கீபோர்டு, ஒருவருக்குக் கேமரா, இன்னொருவருக்குச் செடி வளர்ப்பு. கிறிஸ்மஸ் வந்தால் நட்சத்திரம் கட்டவும் நாடகம் போடவும் இந்தத் திறமைகளைக் கூப்பிடுகிற சபை, ஜனவரியில் அவற்றை மறந்துவிடுகிறது. நீங்களும் அவ்வளவே போதும் என்று இருந்துவிடுகிறீர்கள். போதாது என்பதே என் வாதம். விருப்பத்தை அதற்குரிய படிப்போடும் பயிற்சியோடும் முழுதாகக் கொண்டுவந்தால்தான் அது ஊழியமாகும். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலுக்குத் தேவ ஆவி அருளப்பட்டது பொன்னிலும் மரத்திலும் நுட்பமாக வேலை செய்வதற்காகவே என்று யாத்திராகமம் சொல்கிறது.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரைப் பாருங்கள். 1859இல் பிறந்த அவருக்குச் சோறு போட்டது சித்த மருத்துவம். மனம் கிடந்ததோ இசையில். கிறிஸ்தவப் பொருளில் கீர்த்தனைகள் இயற்றியதோடு அவர் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிற்கவில்லை. மருந்தில் வந்த பணத்தைச் செலவிட்டு 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்ற வழக்கை மறுத்து, சிலப்பதிகாரத்தை ஆதாரமாகக் காட்டி 24 என்று வாதிட்டார். 1916இல் பரோடா மாநாட்டுக்கு அவரோடு மகள்களும் சென்று இசைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூல் வெளிவந்தது. அவருடைய கணக்கை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. ஆனாலும் தமிழிசையைப் பற்றிப் பேசுகிற எவரும், எந்தச் சமயத்தவரானாலும், அந்த நூலைக் கடந்து போக முடியாது. பக்தி இருக்கிறதே, சுருதி கொஞ்சம் விலகினால் என்ன என்று அவர் கேட்டிருந்தால், திருச்சபை தமிழுக்குத் தந்த இந்தக் கொடை கிடைத்திருக்காது.

செடியும் அப்படித்தான். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரி ராட்லர் ஐயர், ஊழியத்துக்காக நடந்த வழிகளிலெல்லாம் செடிகளைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். கபிலப்பொடி தரும் மரத்துக்கு ஒருகாலத்தில் அவர் பெயரையே தாவரவியலார் சூட்டியிருந்தார்கள். அந்த மனிதர்தான் பிற்காலத்தில் வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழ் அகராதியைத் தொகுத்தார். ஜெப புத்தகத்தையும் மொழிபெயர்த்தார். இலையின் நரம்பை விடாமல் பார்த்துப் பழகிய கண், சொல்லையும் அப்படிப் பார்த்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. திறமையைச் சபைக்குள் விட்டால் தற்பெருமையும் கூடவே நுழையும் என்பார்கள். உண்மைதான்; பாடகர் குழுவில் முன்வரிசைக்கு நடக்கும் போட்டியை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு மருந்து திறமையை ஒளிப்பதல்ல, கற்றுக்கொடுப்பது. பண்டிதர் தாம் கண்டதை அச்சிட்டு, மறுப்பவர்கள் கையிலும் கொடுத்தார். தனக்குப் பதில் இன்னொருவர் வாசிக்கும்படி பழக்கிவிடுகிறவரிடம் பெருமை அதிக நாள் தங்காது. எல்லோரும் பிடித்ததையே செய்தால் பாய் விரிப்பது யார், கழிவறை கழுவுவது யார் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை: கிதார் தெரியும் என்பதற்காக அந்த முறையிலிருந்து யாருக்கும் விலக்குக் கிடையாது. மூன்றாவதாக, கடமையானவுடன் விருப்பம் வற்றிவிடும் என்ற அச்சம். ஒரே பிள்ளையை ஞாயிறுதோறும், கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் ஓயாமல் வாசிக்க வைக்கிற சபைகளில் இதுதான் நடக்கிறது. அங்கே குற்றம் சபையுடையது. “இந்த மாதம் முடியாது” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஒலியில் நாட்டமுள்ளவர் ஒரு ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். மின்விசிறி இரைச்சலும் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் சேர்ந்து பிரசங்கத்தை விழுங்கிவிடும். அங்கே இருக்கும் பாட்டிமார் உதட்டசைவைப் பார்த்துத்தான் ஆமென் சொல்வார்கள். புது ஸ்பீக்கர் வேண்டாம். இருப்பதைத் தூணருகே நகர்த்தி, கோணத்தைச் சரிசெய்தாலே வசனம் அவர்களுக்குக் கேட்கக்கூடும். கேமரா பிடிப்பவர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். பூச்சி அரித்த தாளில் மை மங்கிக்கொண்டே போகிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தால் ஒரு சேகரத்தின் குடும்ப வரலாறு பிழைக்கும். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் போதகரிடம் போங்கள். “ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள், ஐயா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எனக்கு இது தெரியும், வாரத்தில் இத்தனை மணிநேரம் தர முடியும், ஓய்வுநாள் பள்ளியில் இரண்டு பிள்ளைகளை என்னோடு அனுப்புங்கள் என்று கேளுங்கள்.