செப்பேட்டில் ஒரு முரண்

1905-இல் திருவாலங்காட்டில் 31 செப்பேடுகள் கிடைத்தன. கோத்திருந்த வளையத்தில் சோழர் முத்திரை. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குச் சோழ மன்னன் முதலாம் ராஜேந்திரன் அளித்த ஆணை அது.

தமிழ்ப் பகுதி காட்டும் ஆட்சியாண்டு ஆறு, ஏறத்தாழ 1018. வடமொழிப் பகுதியோ 1025-ஐ ஒட்டி நடந்த அவனது கடாரப் படையெடுப்பைப் புகழ்கிறது! நடக்காத போரை முன்கூட்டியே எழுத முடியுமா? அப்பகுதி பிற்பாடு சேர்க்கப்பட்டது என்று அறிஞர்கள் கணித்தார்கள். என்ன நுட்பமான துப்பறிதல்!

இதுதான் கல்வெட்டியல். தொல்லியல் படிப்போடு சேர்த்து இதைக் கற்பிக்கத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் துறையே உண்டு.

திருவாலங்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் படிக்க எழுத்தே கிடையாது, கல்லாயுதங்கள்தான். அங்கே தொல்பழங்கால ஆய்வாளர்கள் இயற்பியலைத் துணைக்கு அழைத்தார்கள். கிடைத்த வயது, சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.