பெயரை அடிக்கும் முன்னே வீட்டுக்கு வாருங்கள்!

(லவ்டேலில் தோட்ட, விவசாயத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



ஏழைப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு பள்ளிக்கூடத்தின் வேலை தீர்ந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், இதே ஊரிலுள்ள லாரன்ஸ் பள்ளியைக் காட்டுங்கள். இன்று அது வசதி படைத்தவர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். 1858இல் ஊட்டியில் தொடங்கியபோதோ அது வெள்ளைச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி. 1857 கிளர்ச்சியின்போது லக்னோவில் மாண்ட ஹென்றி லாரன்ஸ் என்ற அதிகாரியின் பெயர் அதற்கு. சோறு, துணி, படுக்கை, படிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ். பிள்ளை சீரழிந்த பிறகு அல்ல, சீரழியும் முன்பே! தன் பட்டாளத்தின் பிள்ளை என்றதும் ஏகாதிபத்தியத்துக்கு இந்த ஞானம் இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு? 1920இல் தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டு. அந்த ஓரணாவையும் ஆரம்பக் கல்விப் பணத்திலிருந்து எடுக்க ஆங்கில அரசு இடம் தரவில்லை. 1925இல் உணவு நின்றது. பிறகு 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு. விடியுமுன்னே கேரட் பிடுங்கப் போகும் தாய்க்கு அந்தக் காலை உணவின் அருமை தெரியும்.

ஆனால் சோற்றோடு காரியம் முடிந்துவிடவில்லை, தோழர்களே. எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பள்ளியை விட்டு நிற்பதில்லை. முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு கொழுந்து மும்முரமான வாரம் முழுதும் வராது. வந்தாலும் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். கரும்பலகை கண்ணுக்குத் தெரியாத பிள்ளை இருக்கும். ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவரின் பிள்ளை தமிழ் புரியாமல் விழிக்கும். இரண்டுக்கும் வைக்கும் பெயர் 'மந்தம்'! பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும் என்ற திட்டம் 2013 முதல் இருக்கிறது. குழு வந்ததா, கண்ணைப் பார்த்ததா, கண்ணாடி கைக்கு வந்ததா என்று கேட்பது பெற்றோர் வேலை.

மூத்த பெண் ஏன் நிற்கிறாள்? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தை விழுங்கிவிட்டது. புதிய தொகுப்பிலும் காப்பகம் என்ற சொல் இருக்கிறது. சொல் இருந்தால் போதுமா? காப்பகத்தில் ஆயாவும் பாலும் இல்லையென்றால், அந்தச் செலவை ஒன்பது வயதுப் பெண் தன் படிப்பைக் கொடுத்துத் தீர்க்கிறாள். முதலாளிக்கு மிச்சம், பள்ளிப் பதிவேட்டிலோ 'ஆர்வமில்லை'!

ஆண் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்பள நாளன்று சாராயக்கடையிலிருந்து சண்டையோடு திரும்பும் தகப்பனின் பிள்ளை, மறுநாள் வகுப்பில் என்ன கேட்கும்? அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அறியும் ஆசிரியர் உண்டு. அவருக்கு லைன் வீடு வரை நடந்து வர நேரம் வேண்டும். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் தலையில் கட்டி, மேலே படிவங்களையும் நிரப்பச் சொன்னால் அவர் எங்கே வருவார்? ஆகவே ஆசிரியரைத் திட்டுவதை விட்டு, கூடுதல் ஆசிரியர் கேட்டு அவர் பக்கம் நில்லுங்கள்.

கேட்க இடமும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் பள்ளியிலிருந்து ஒருவரும் குழுவிலிருந்து ஒரு தாயும் போவது என்று அங்கே தீர்மானம் போடுங்கள். பெயரை அடிப்பது அப்புறம் இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தை வேலை நாள் பிற்பகலில் வைத்தால், போகிற தாய்க்கு அரை நாள் கூலி போகும். கூலி வெட்டாமல் அந்த அரை நாளை விட வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் சங்கம் எழுதிக் கேட்கட்டும். மறுத்தால், ஞாயிறு மாலையில் கூட்டம் வைக்கும்படி தலைமையாசிரியரிடம் இந்த வாரமே பேசுங்கள்.