அறிவுக்கு வேலி தகுமா?



நம் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறிக் கல்வி பயில்கின்றனர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றைக் கூற விழைகிறேன்.

மென்பொருளைக் காக்கச் சட்டத்தில் இரு வழிகள் உண்டு. பதிப்புரிமை, எழுதிய எழுத்தைக் காக்கும். அதே வேலையைச் செய்யும் மென்பொருளை நாமே சிந்தித்து எழுதினால் அது குற்றமாகாது. காப்புரிமையோ முறையையே காக்கும். எவரையும் பாராமல் நாமே கண்டறிந்தாலும், முன்னரே உரிமை பெற்றவர் நம்மைத் தடுக்கலாம்.

காப்புரிமை முற்றிலும் தீது என்று நான் கூறேன். கண்டுபிடிப்பின் நுட்பத்தை உலகறிய வெளியிடுபவருக்குச் சில காலம் தனியுரிமை அளிப்பதே அதன் நோக்கம். இந்தியாவில் அக்காலம் 20 ஆண்டுகள். ஆயினும் ஒரு மென்பொருளில் எண்ணற்ற சிறு முறைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேலியிட்டால் வழக்காட வல்ல செல்வர் பிழைப்பர்; அறிவொன்றையே முதலாகக் கொண்ட ஏழை மாணவன் என்ன செய்வான்?

நடந்த வரலாறு ஒன்றைக் கேளுங்கள். 1987-இல் அமெரிக்காவின் காம்பியூசர்வ் நிறுவனம் 'ஜிஃப்' என்னும் பட வடிவத்தை வெளியிட்டது. அது எங்கும் பரவியது. அதில் பயன்பட்ட சுருக்கும் முறைக்கு 1985-இலேயே அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அவ்வுரிமை யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1994 இறுதியில், ஜிஃப் படங்களைக் கையாளும் மென்பொருளை விற்போர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது.

நிரல் எழுதுவோர் சோர்ந்துவிடவில்லை. 1995 தொடக்கத்திலேயே கணிப்பொறி வலையின் வழியே கூடிப் பேசினர். ஒருவர் வரைவை முன்வைத்தார், மற்றவர் குறை சுட்டினர், அனைவரும் திருத்தினர். 1996-இல் 'பிஎன்ஜி' என்னும் வடிவம் முறைப்படி வெளிவந்தது. ஜிஃப் 256 நிறங்களோடு நின்றது. பிஎன்ஜி கோடிக்கணக்கான நிறங்களைக் காட்ட வல்லது. அதற்கு உரிமக் கட்டணமும் இல்லை. அமெரிக்கக் காப்புரிமை 2003-இல் முடிந்துபோயிற்று. பிஎன்ஜி இன்றும் நம் கைப்பேசிகளில் வாழ்கிறது.

நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 2002-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கணிப்பொறி நிரல் தன்னளவில் காப்புரிமைக்கு உரியதன்று என்கிறது. 2004 இறுதியில் அவசரச் சட்டம் ஒன்று இவ்விலக்கைக் குறுக்கியது. 2005-இல் நாடாளுமன்றம் அக்குறுக்கத்தை ஏற்கவில்லை. இச்சட்டத்தை நம் இளைஞர்கள் படித்தறிய வேண்டும்.

இளைஞர்களே! ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் மாணவராயிருந்தபோது 1991-இல் தொடங்கிய லினக்ஸின் மூல நிரலை இன்று எவரும் படிக்கலாம். திருத்தம் எழுதி அனுப்பலாம். படிக்க வருவோனை 'நீ யார் மகன்?' என்று கேட்கும் வாயில்காப்போன் அங்கே இல்லை. ஆனால் உரிம நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் படியாமல் எதையும் எடுத்தாளாதீர்கள். எடுப்பதோடு நில்லாமல், உங்கள் உழைப்பையும் அதில் சேருங்கள்.

கல்விக்கு இடப்பட்ட வேலியின் கொடுமையை நம் முன்னோர் பட்டறிந்தனர். அவர்களின் வழிவந்த நாம், கற்றதைப் பிறர்க்கு மறைக்கலாகாது. வாரத்தில் ஒருநாள் மூல நிரலைக் கூடிப் படிக்கும் வகுப்பொன்றை நம் சங்கம் தொடங்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.