'தான்' செய்யும் நான்கு வேலைகள்: 'ஒன்லி' கற்பிக்க ஓர் எளிய வழி

(பெண்ணாடத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த நேரத்தில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தச் சொல் 'ஒன்லி'. இதில் பேச என்ன இருக்கிறது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சொல்லாயிற்றே என்று நீங்கள் நினைக்கலாம். தெரிந்த சொல் என்பதால்தான் நாம் அதைக் கற்பிப்பதில்லை. கற்பிக்காமலே பிள்ளைகள் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பயன்படுத்துகிறார்கள்.

நம் வகுப்பறைகளில் அன்றாடம் காதில் விழும் வாக்கியங்களைப் பாருங்கள். "டீச்சர், ஐ ஆம் ஹியர் ஒன்லி." "சார், ஐ ஆம் ஸ்டடியிங் ஒன்லி." "டீச்சர், ஹி ஒன்லி டுக் மை பென்." மூன்றுமே தமிழில் சரியான வாக்கியங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன், நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அவன்தான் என் பேனாவை எடுத்தான். 'தான்' வரும் இடத்திலெல்லாம் பிள்ளை 'ஒன்லி'யை வைக்கிறது. வைக்கும் இடமும் தமிழ் இடம்தான். நாம் 'தான்' என்பதைச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறோம், பிள்ளையும் 'ஒன்லி'யைப் பின்னால் ஒட்டுகிறது.

இதனால் என்ன நஷ்டம், பொருள் புரிகிறதே என்று கேட்கலாம். நமக்குப் புரிகிறது, ஏனென்றால் நமக்குத் தமிழ் தெரியும். தமிழ் தெரியாதவர் காதில் "ஹி ஒன்லி டுக் மை பென்" எப்படி விழும்? 'அவன் என் பேனாவை எடுக்க மட்டுமே செய்தான், வேறு தப்பு ஒன்றும் செய்யவில்லை' என்று விழும். பிள்ளை சொன்னது புகார். கேட்டவருக்கு அது அவனுக்காகப் பரிந்து பேசுவதுபோல் படும்.

பாலிடெக்னிக் முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். வெளி மாநிலத்து நிறுவனம் ஒன்றின் நேர்காணலில் அவருடைய செயல்திட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதன் வயரிங் வேலையை நான்தான் செய்தேன் என்று பெருமையாகச் சொல்ல நினைத்து, "ஐ ஒன்லி டிட் த வயரிங்" என்றிருக்கிறார். எதிரில் இருந்தவர், "அப்படியானால் மற்ற வேலையெல்லாம் யார் செய்தது?" என்று கேட்டாராம். 'வயரிங் மட்டும்தான் செய்தேன்' என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார். அந்தப் பையனின் உழைப்பை ஒரு சின்னச் சொல் பாதியாக்கிவிட்டது. அதனால்தான் இந்தச் சொல்லை நாம் வகுப்பில் எடுத்துப் பேச வேண்டும் என்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? தமிழிலிருந்தே தொடங்கலாம். நன்னூலில் ஏகார இடைச்சொல்லுக்குப் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருள்கள் சொல்லப்பட்டிருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். ஒரு சின்ன இடைச்சொல் பல வேலை செய்யும் என்பதை நம் இலக்கணிகள் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள். இன்றைய பேச்சில் அந்த ஏகாரத்தின் இடத்தில் பெரும்பாலும் 'தான்' வந்து நிற்கிறது. அதுவும் பல வேலை செய்கிறது. வகுப்பறைக்காக நான் அதை நான்காகப் பிரித்துக்கொண்டேன்: சுட்டுவது, உறுதி சொல்வது, அளவு சொல்வது, காலம் சொல்வது.

முதலாவது, சுட்டுவது. பலரில் ஒருவரை, பலவற்றில் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. இது பிரிநிலைக்கு நெருக்கமானது. 'அவன்தான் எடுத்தான்' என்பது இந்த வகை. மெய்கண்டார் பிறந்த ஊர் என்று நம் பெண்ணாடத்தைச் சொல்கிறோம். 'மெய்கண்டார் பிறந்தது இங்கேதான்' என்பதும் இதே வகை. இதற்கு 'ஒன்லி' கிடையாது. ஆங்கிலத்தில் இதற்கென்று ஒரு வாக்கிய அமைப்பே இருக்கிறது: "இட் வாஸ் ஹி ஹூ டுக் மை பென்." "இட் வாஸ் இன் பெண்ணாடம் தட் மெய்கண்டார் வாஸ் பார்ன்." சிறு பிள்ளைகளுக்கு இது பாரமாக இருந்தால், "ஹி இஸ் த ஒன் ஹூ டுக் இட்" என்று சொல்லிக் கொடுக்கலாம். இடத்தைச் சுட்ட "ரைட் ஹியர்" போதும். 'நானேதான் செய்தேன்' என்பதற்கு "ஐ டிட் இட் மைசெல்ஃப்." நம் பாலிடெக்னிக் மாணவருக்கு வேண்டியிருந்த வாக்கியம் இதுதான்: "ஐ டிட் த வயரிங் மைசெல்ஃப்."

இரண்டாவது, உறுதி சொல்வது. இது தேற்றம். 'நல்லாத்தான் இருக்கு', 'படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்' என்பவை. இதற்கும் 'ஒன்லி' கிடையாது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரலை அழுத்தினாலே போதும். "ஐ ஆம் ஸ்டடியிங்" என்பதில் 'ஆம்' என்ற இடத்தை அழுத்திச் சொன்னால் 'படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்ற பொருள் வந்துவிடும். எழுத்தில் வேண்டுமானால் "இட் இஸ் ரியலி குட்" என்பதுபோல் 'ரியலி' சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அளவு சொல்வது. 'பத்து ரூபாய்தான் இருக்கு', 'ரெண்டு பேர்தான் வந்தாங்க'. இங்கே 'ஒன்லி' சரி. "ஐ ஹேவ் ஒன்லி டென் ருபீஸ்." மெய்கண்டாரின் சிவஞான போதத்தில் பன்னிரண்டே நூற்பாக்கள். "சிவஞான போதம் ஹேஸ் ஒன்லி டுவெல்வ் சூத்ராஸ்." தமிழில் 'பன்னிரண்டே' என்று ஏகாரம் பின்னால் ஒட்டியிருப்பதையும், ஆங்கிலத்தில் 'ஒன்லி' எண்ணுக்கு முன்னால் போய் நிற்பதையும் கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதிக் காட்டுங்கள். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான்காவது, காலம் சொல்வது. 'நேற்றுதான் சொன்னார்கள்' என்றால் அதற்கு முன்பு சொல்லவில்லை என்று பொருள். "தே டோல்ட் மீ ஒன்லி யெஸ்டர்டே" சரியான ஆங்கிலம். பிள்ளைகள் "யெஸ்டர்டே ஒன்லி தே டோல்ட் மீ" என்பார்கள். சொல் சரி, இடம் மட்டும் மாற வேண்டும். 'இப்பத்தான் வந்தேன்' என்பதற்கு "நவ் ஒன்லி ஐ கேம்" வேண்டாம். அங்கே 'ஜஸ்ட்' நிற்கும்: "ஐ ஹேவ் ஜஸ்ட் கம்."

ஆக, நான்கில் முதல் இரண்டுக்கு 'ஒன்லி' வேண்டாம். பின் இரண்டுக்கு வேண்டும், ஆனால் முன்னால் வேண்டும். 'மட்டும்' என்று நாம் சொல்லும் இடங்களில் 'ஒன்லி' பொதுவாகப் பொருந்தும். அதுவும் முன்னால்தான்.

இப்போது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து கேட்கும்: "பஸ்ஸில் 'லேடீஸ் ஒன்லி' என்று பின்னால்தானே எழுதியிருக்கிறது?" நல்ல கேள்வி. அது முழு வாக்கியம் இல்லை, அறிவிப்பு. 'ஸ்டாஃப் ஒன்லி', 'ஃபார் ஆஃபிஸ் யூஸ் ஒன்லி' எல்லாம் அப்படித்தான். வாக்கியமாக்கினால் "ஒன்லி லேடீஸ் மே சிட் ஹியர்" என்று முன்னால் வந்துவிடும். இன்னோர் எடுத்துக்காட்டு காசோலை. பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் காசோலை எழுதும்போது தொகையை எழுத்தால் எழுதி 'ஒன்லி' என்று முடிக்கிறோம், தமிழில் எழுதினால் 'மட்டும்' என்று முடிக்கிறோம். அதற்குப் பின்னால் யாரும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொகையைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காக. 'ஒன்லி' என்பது ஒரு வேலி என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வேலி எந்தச் சொல்லைச் சுற்றி நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். இதற்கு ஓர் அட்டை விளையாட்டு. ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு அட்டை கொடுங்கள்: 'மீனா', 'கேவ்', 'ரவி', 'டென் ருபீஸ்', 'யெஸ்டர்டே'. மீனா நேற்று ரவிக்குப் பத்து ரூபாய் கொடுத்தாள். ஆறாவது பிள்ளையிடம் 'ஒன்லி' அட்டை. அது ஒவ்வோர் இடமாகப் போய் நிற்க, மற்றவர்கள் தமிழில் பொருள் சொல்ல வேண்டும். மீனாவுக்கு முன்னால் நின்றால், வேறு யாரும் கொடுக்கவில்லை. ரவிக்கு முன்னால் நின்றால், ரவிக்கு மட்டும் கொடுத்தாள். பத்து ரூபாய்க்கு முன்னால் நின்றால், பத்தே ரூபாய். நேற்றுக்கு முன்னால் நின்றால், நேற்றுதான் கொடுத்தாள். அட்டை நகர நகரப் பொருளும் நகர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் இதைச் செய்யலாம், ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

அட்டை வினைச்சொல்லுக்கு முன்னால் நின்றால்? "மீனா ஒன்லி கேவ் ரவி டென் ருபீஸ்." இங்கே பொருள் ஒன்றாக நிற்காது. 'பத்தே ரூபாய்' என்றும் கொள்ளலாம், 'கொடுக்க மட்டும்தான் செய்தாள்' என்றும் கொள்ளலாம். பேச்சில் குரல் அழுத்தம் அதைத் தீர்த்துவிடும். ஆங்கிலேயர்களே பேச்சில் 'ஒன்லி'யைப் பெரும்பாலும் வினைக்கு முன்னால்தான் வைப்பார்கள். 1926இல் ஆங்கில நடைக்குப் புகழ்பெற்ற கையேடு எழுதிய ஃபௌலர், பொருள் குழம்பாத இடத்தில் இதைத் தவறென்று பிடிவாதம் பிடிப்பவர்களை ஏற்கவில்லை. ஆகவே "ஐ ஒன்லி ஹேவ் டென் ருபீஸ்" என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். எழுதும்போது உரிய சொல்லை ஒட்டி வைத்தால் தெளிவாக இருக்கும் என்று சொன்னால் போதும்.

இது ஆங்கில ஆசிரியர் வேலை மட்டும் அல்ல. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்ட பிறகு, கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் நம்மிடம் உண்டு. பகா எண் என்றால் என்ன? ஒன்றைவிடப் பெரிய எண். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடுவது. அந்த 'ஒன்லி'யை எடுத்துவிட்டால் வரையறையே போய்விட்டது, ஏனென்றால் எல்லா முழு எண்ணும் ஒன்றாலும் தன்னாலும் வகுபடத்தான் செய்யும். "டூ இஸ் த ஒன்லி ஈவன் பிரைம் நம்பர்" என்பதில் 'த ஒன்லி' என்றால் 'ஒரே'. இரட்டைப் பகா எண் அது ஒன்றே. கணக்காசிரியர் இந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு நிமிடம் நின்றால் ஆங்கிலமும் சேர்ந்து வந்துவிடும்.

வீட்டிலும் இது வேண்டும். பாட்டிக்கு மாத்திரை அட்டையையும் மருத்துவர் எழுதியதையும் படித்துச் சொல்வது நம் பிள்ளைகள்தான். "டேக் ஒன்லி இஃப் யூ ஹேவ் ஃபீவர்" என்றால் காய்ச்சல் இருந்தால் மட்டும் போட வேண்டும், இல்லையென்றால் போடக் கூடாது. 'ஒன்லி இஃப்' வேறு, 'இஃப் ஒன்லி' வேறு. பின்னது, 'அப்படி இருந்திருக்கக் கூடாதா' என்ற ஏக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இந்த இரண்டையும் அருகருகே வைத்து நடத்துங்கள். 'நாட் ஒன்லி, பட் ஆல்சோ' பாடநூல் இலக்கணப் பகுதியிலேயே வருவதால் அதை இங்கே விரிக்கவில்லை.

கடைசியாக, திருத்தும் முறை பற்றி ஒரு வார்த்தை. "ஐ ஆம் ஹியர் ஒன்லி" என்பது தமிழ்ப் பிள்ளைகளின் குறைபாடு இல்லை. இந்தி பேசுபவர்களும் தங்கள் 'ஹீ' என்ற சொல்லை இப்படித்தான் 'ஒன்லி' ஆக்குகிறார்கள். இந்திய ஆங்கிலத்தின் ஓர் இயல்பாகவே மொழியியலாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நண்பர்களோடு பேசும்போது அப்படிப் பேசிவிட்டுப் போகட்டும். தேர்விலும் விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் தான் நினைத்தது கேட்பவருக்கு மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக மற்ற வடிவத்தையும் அது கற்றுக்கொள்ள வேண்டும்.

அதனால் யாரும் சிரிக்க வேண்டாம், மற்ற பிள்ளைகளைச் சிரிக்க விடவும் வேண்டாம். தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்ன பிள்ளை, ஒருமுறை சிரிப்புக்கு ஆளானால் அடுத்த வாக்கியத்தைச் சொல்லாது. "ஹி ஒன்லி டுக் மை பென்" என்று பிள்ளை சொன்னால், "ஓ, இஸ் ஹி த ஒன் ஹூ டுக் இட்?" என்று சரியான வடிவத்திலேயே திருப்பிக் கேளுங்கள். முதலில் பேனாவை வாங்கிக் கொடுங்கள். பிறகு ஒருநாள் கரும்பலகையில் 'தான்' என்று எழுதி, இது எத்தனை வேலை செய்கிறது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று வகுப்பைக் கேளுங்கள். பிள்ளைகளே நான்கையும் சொல்வார்கள். ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் எனக்கும் சொல்லுங்கள்.